மேல்வீட்டுத் தண்ணீர் நம்ம வீட்டுல இறங்கினா இன்ஷூரன்ஸ் பணம் தருமா?

ஆபீஸ் முடிந்து வந்து கதவைத் திறந்தால் ஹால் முழுக்கத் தண்ணீர். மேல்வீட்டில் கீஸருக்குப் போகும் பைப் வெடித்து, சீலிங் வழியாகக் கொட்டுகிறது. டிவி, சோபா, மர அலமாரி எல்லாம் காலி.

அதே அபார்ட்மென்ட்டில் இன்னொரு ஃபிளாட். மேல்வீட்டு பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு வழியாக 2 வருஷமாக ஈரம் இறங்குகிறது. பெட்ரூம் சுவர் ஓதம் பிடித்து, பெயின்ட் உரிந்து நிற்கிறது.

இரண்டு பேரிடமும் ஒரே பாலிசிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு கிளைம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டாமவருக்கு அநேகமாகக் கிடைக்காது.

ஏன் இந்த வித்தியாசம்?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற பொதுவான வீட்டு பாலிசியைக் கொண்டுவந்தது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கத்தோடு, தண்ணீர்த் தொட்டியும் பைப்பும் வெடித்தோ நிரம்பி வழிந்தோ ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். ஆனால் அது எதிர்பாராமல் நடந்த நிகழ்வாக இருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஊறும் கசிவு அந்தப் பட்டியலில் இல்லை. அதைப் பராமரிப்புக் குறை என்றுதான் நிறுவனம் பார்க்கும்.

எவ்வளவு கிடைக்கும்?

கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகை, ஃபிளாட்டின் சந்தை விலை அல்ல. திரும்பக் கட்ட ஆகும் செலவு. 1,000 சதுர அடிக்கு, அடிக்கு ரூ.2,500 என்று கணக்கிட்டால் ரூ.25 லட்சம். வீட்டுப் பொருட்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது ரூ.5 லட்சம் தானாகவே சேரும். இதற்கு உச்சவரம்பு ரூ.10 லட்சம். வாடகைக்கு இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம்.

நம்ம வீட்டு பைப் உடைந்து கீழ்வீடு நனைந்தால்? அடிப்படை பாலிசி நம் சொத்துக்கு மட்டும்தான். கீழ்வீட்டாருக்குத் தர வேண்டிய இழப்பீட்டுக்குத் தனியாகப் பொறுப்புக் காப்பீடு கிடைக்குமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

தண்ணீர் கொட்டினால் என்ன செய்வது?

* வால்வை மூடுங்கள். துடைப்பதற்கு முன் போட்டோ, வீடியோ எடுங்கள்.
* நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை நனைந்த பொருளைத் தூக்கிப் போடாதீர்கள்.
* எது, எப்போது உடைந்தது என்று பிளம்பரிடம் எழுதி வாங்குங்கள். இது திடீர் சேதம் என்று காட்ட உதவும்.
* கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாகப் புகார் செய்யுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

பழைய கசிவுக்குப் பணம் தர மாட்டோம் என்பதில் நியாயம் இருக்கிறது. தேய்ந்துபோன டைல்ஸுக்கெல்லாம் காப்பீடு கொடுத்தால் பிரீமியம் யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் விற்கும்போது “தண்ணீர் சேதம் கவர் ஆகும் சார்” என்று பாதியை மட்டும் சொல்வது நியாயமில்லை. ஃபிளாட்வாசிகளை அதிகம் படுத்துவது வெடிக்கும் பைப் இல்லை, ஊறும் சுவர்தான். அது கவர் ஆகாது என்பதைப் பாலிசியின் முதல் பக்கத்திலேயே, தமிழிலேயே அச்சிட வேண்டும்.

அபார்ட்மென்ட் அசோசியேஷன்களுக்கும் இதில் பங்கு உண்டு. செலவு மேல்வீட்டுக்கா கீழ்வீட்டுக்கா என்று வாட்ஸ்அப் குரூப்பில் மாதக்கணக்கில் சண்டை போடுவதற்குள் சுவர் ஊறிவிடுகிறது. அதற்குப் பதில் மெயின்டனன்ஸ் பணத்தில் வாட்டர்புரூஃபிங்குக்கு என்று ஒரு தொகையை ஒதுக்கி வைக்கலாம்.

சீலிங்கில் முதல் ஈரக் கறை தெரிகிறதா? பாலிசியைத் தேடுவதற்கு முன் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.