சித்தி தந்த சீதனம்

பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு காலை எலெக்ட்ரிக் டிரெயினில் போகிறவர்கள் இரண்டே ரகம். சீட்டு விளையாடுகிறவர்கள், சைடு பிசினஸ் பேசுகிறவர்கள். நான் இரண்டாவது.

பேச்சு முற்றி, போன ஆடியில் பதினைந்து வான்கோழிக் குஞ்சுகள் வீட்டில் வந்து இறங்கின. மூலதனம், மனைவியின் ஏலச்சீட்டுப் பணம். “கிறிஸ்துமஸுக்கு வித்து டபுளா தர்றேன்” என்று சத்தியமே செய்திருந்தேன். ரகம், நந்தனம் வான்கோழி-1. கறுப்பு நாட்டு ரகமும் வெள்ளை பெல்ட்ஸ்வில்லும் கலந்து நம்ம கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. நம் ஊர் வெயிலைத் தாங்கும். தாங்கவும் செய்தது. என்னைத்தான் தாங்கவில்லை!

வான்கோழிக் குஞ்சுக்குத் தீனி தின்னவே சொல்லித் தரவேண்டும் சார். தண்ணீர்த் தட்டில் கலர் கோலிக்குண்டு போட்டால், அதைக் கொத்தப் போய்க் குடிக்கப் பழகும். முப்பது வயசில் நான் கோலி வாங்கியதைத் தெருவே பார்த்துச் சிரித்தது. இந்த லட்சணத்தில் ராத்திரி பகலாக பல்பு வேறு எரியவேண்டுமாம். கரண்ட் பில்லை நினைத்தேன். அடையிலிருந்த நாட்டுக்கோழியிடம் குஞ்சுகளைத் தள்ளிவிட்டேன். பெத்த பிள்ளை மாதிரி இறக்கைக்குள் வைத்துக்கொண்டது. முற்றத்து மண்ணைக் கிளறி, புழு பொறுக்கிக் கொடுத்தது.

இரண்டாம் மாதம் ஒரு குஞ்சு றெக்கையைத் தொங்கப்போட்டு நின்றது. எச்சம், கந்தகம் கரைத்த மஞ்சள். மூன்று வாரத்தில் பதினொன்று காலி. கோழி மட்டும் குத்துக்கல்லு!

செத்ததில் ஒன்றை மஞ்சப்பையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் அறுத்துப் பார்த்தார். ஈரல் முழுக்க வட்ட வட்டமாய்க் குழி.

“கோழியோட வளர்த்தீங்களா?”

“கோழிதான் சார் வளர்த்துச்சு!”

“அதுதான் கொன்னுச்சு.”

பெயர் கருந்தலை நோய். தலை கறுத்தே ஆகவேண்டும் என்றில்லை. ஹிஸ்டோமோனாஸ் என்கிற ஒரு செல் ஒட்டுண்ணி. தனியாக வெளியே வந்தால் சீக்கிரம் செத்துப்போகும். அதனால் கோழிக் குடலில் இருக்கும் ஒரு சின்னப் புழுவின் முட்டைக்குள் ஏறிக்கொள்கிறது. முட்டை மண்ணில் வருஷக்கணக்காகக் கிடக்கும். மண்புழு அதைத் தின்று, குஞ்சு மண்புழுவைத் தின்றாலும் ஆச்சு. கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வான்கோழிக்கு எமன். 1895-ல் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித் இந்த நோயை விவரித்துவிட்டார். முட்டை சமாசாரம் 1920-லேயே தெரியும். எனக்குத்தான் லேட்!

மருந்து? அமெரிக்காவிலேயே கடைசியாக இருந்ததும் ஆர்சனிக் சரக்கு என்பதால் 2015-ல் வாபஸ். வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. கோழி மேயாத இடம், டாக்டர் கணக்கில் புழு மருந்து, காய்ந்த உமி. உமி ஈரமானால் கழிச்சல் கிருமி ஒன்றிரண்டு நாளில் ரெடியாகிவிடும், அது தனிக் கதை.

மிச்சம் நாலும் இப்போது மொட்டைமாடியில். கீழே கோழி கொக்கரித்தால் மேலே நாலு கழுத்தும் எட்டிப் பார்க்கின்றன. மாடிக்கென்று மனைவி தனிச் செருப்பு வாங்கிவைத்திருக்கிறாள். அதன் விலையையும் என் சீட்டுக் கடனில் எழுதியாயிற்று.