கரைந்ததை யார் பிரிப்பது?

பழைய வண்ணாரப்பேட்டையில் போர் தண்ணீரில் துணி துவைப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோப்பு தேயும், நுரை வராது. வாளியின் மேல் வெள்ளையாக ஓர் ஏடு திரளும். எத்தனை முறை அலசினாலும் சட்டைக் காலரை விடாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுக்க வந்தவர்கள் குடியேறி வளர்ந்த பேட்டை இது. நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் அந்தத் தொழில் நடந்திருக்காது. இன்று அதே ஊரில் எம்.சி. ரோட்டில் வாங்கிய வெள்ளைச் சட்டை நாலு சலவையில் பழுப்பேறுகிறது.

காரணம் தண்ணீரின் குணத்திலேயே இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் இருக்கும் பக்கம் கொஞ்சம் எதிர்மின்னூட்டமும், ஹைட்ரஜன் இருக்கும் பக்கம் கொஞ்சம் நேர்மின்னூட்டமும் கொண்டது. உப்பைப் போட்டதும் சோடியத்தை ஒரு பக்கமும் குளோரைடை மறுபக்கமும் சூழ்ந்துகொண்டு தனித்தனியாக இழுத்துப் போய்விடும். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பை இப்படிக் கரைத்துக்கொள்ளும். மண்ணிலும் பாறையிலும் இருக்கும் கால்சியம், மக்னீசியமும் நிலத்தடி நீரில் கரைந்து வருகின்றன. சோப்பு அழுக்கைப் பிடிப்பதற்கு முன்பே இவற்றைப் பிடித்துக்கொண்டு கரையாத பொருளாகிவிடுகிறது. வாளியில் மிதக்கும் ஏடு அதுதான்.

“கொதிக்க வச்சா உப்பு போயிடாதாப்பா?” என்று எங்கள் தெரு அக்கா ஒருவர் கேட்டார். போகாது அக்கா. பைகார்பனேட்டோடு சேர்ந்து வரும் கால்சியம் மட்டும் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பாகப் படியும். மற்ற உப்பெல்லாம் அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற கரிப்புதான் கூடும். துணியை மடித்து வடிகட்டினாலும் பலனில்லை. கரைந்த உப்புக்கு அந்த இழைகளின் இடைவெளி மிகப் பெரிய வாசல்.

எண்ணெய் அப்படியல்ல. அதன் மூலக்கூறில் நேர்மின், எதிர்மின் என்ற பிரிவு கிட்டத்தட்ட இல்லாததால் தண்ணீர் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரை முழுக்க எண்ணெய் கறுப்பாக ஒதுங்கியது. மாணவர்களும் மீனவர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படகையும் வலையையும் பாழாக்கியது. கண்ணுக்குத் தெரிந்ததால் ஊர் கொதித்தது, வழக்கு வந்தது, செய்தி வந்தது. கொதிக்க வேண்டிய விஷயம்தான்.

ஆனால் கரைந்த உப்பு வந்த நாளில் யாரும் கொதிக்கவில்லை. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் தண்ணீர் இறைத்த மீஞ்சூர்ப் பகுதியில் கடல் நீர் நிலத்தடியில் புகுவது 1960-களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. அப்போது கரையிலிருந்து சில கிலோமீட்டர் அளவில் இருந்த உப்பு, பிற்பாடு 10 கிலோமீட்டரையும் தாண்டி உள்ளே போனது. வாளியால் அள்ள முடியாத மாசு இது.

இது இவ்வளவு எளிதாக உள்ளே வருவதற்குத் தண்ணீரின் எடை காரணம். உப்பு கரைந்திருப்பதால் கடல் நீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனமானது. கடலோர மணலில் நல்ல தண்ணீர் அந்தக் கனமான நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு மீட்டர் இறைத்துவிட்டால், நாளடைவில் கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறிவரும். அது ஏறினால் கொஞ்சம் கலந்தாலே போதும். உப்பே இல்லாத 69 குடம் தண்ணீரில் ஒரு குடம் கடல் நீர் சேர்ந்தால், குடிநீரில் கரைந்த பொருள்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் எல்லையான லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தொட்டுவிடும்.

கலப்பது இவ்வளவு சுலபம். பிரிப்பதற்கு ஆகும் செலவைக் காட்டுப்பள்ளியில் உள்ள, கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பார்க்கலாம். 2010-இல் திறக்கப்பட்ட அந்த ஆலை நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்காகக் கட்டப்பட்டது. கடல் நீரைப் பெரும் அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தள்ளுகிறார்கள். பாதிக்கும் குறைவானதே குடிநீராகிறது, மிச்சம் இன்னும் அடர்ந்த உப்புநீராகக் கடலுக்கே போகிறது. இம்மாதிரி ஆலைகள் 1000 லிட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் தின்னும். எவ்வளவு திறமான இயந்திரம் வந்தாலும், கடல் நீரில் பாதியைப் பிரித்தெடுக்க ஒரு யூனிட்டுக்குக் கீழே இறங்க இயற்கை விதி விடாது.

அதே வேலையைச் சூரியன் காசு வாங்காமல் செய்கிறது. உப்பைக் கடலிலேயே விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் மேலே ஏற்றி, ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையாகச் சென்னையில் கொட்டுகிறது. அரை கிரவுண்டு மொட்டை மாடியில் அது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் லிட்டர். ஆலையில் அதைக் கடலிலிருந்து பிரிக்கச் சுமார் 500 யூனிட் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்று அரசு வீட்டுக்குத் தரும் இலவச மின்சாரத்தில் பத்து மாதப் பங்கு. அந்த மழையைக் கால்வாயில் விட்டுவிட்டுக் கேன் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம்.

மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019-இல் வந்தது. ஆலைகள் அதை வாங்குமளவு நிலத்தடி நீர் தப்பும். வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. தூர்ந்துபோன மழைநீர்க் குழிகளுக்கும், பெயருக்குப் போட்டு எங்கும் இறங்காத குழாய்களுக்கும் யாரும் பதில் சொல்வதில்லை என்பதுதான் குறை. மாநகராட்சி ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வீடு வீடாகப் பார்க்கட்டும். வீட்டுக்காரர்களும் புரட்டாசி முடிவதற்குள் குழியைத் தோண்டி மணலையும் ஜல்லியையும் அலசிப் போடுங்கள். கடலோர மண்ணில் உப்பைக் கீழே அழுத்தி வைக்கக்கூடியது மேலிருந்து இறங்கும் நல்ல தண்ணீரின் எடை ஒன்றுதான்.