தொழிலாளியாக வா, முதலாளியாக வராதே!

வெளிநாட்டில் சிறிய அளவில் ஒரு தொழிலை வாங்கி நடத்தி, குடும்பத்தோடு அங்கேயே வாழ நினைக்கும் நடுத்தர வர்க்கத்து ஆசியர்களுக்கு, ஜப்பான் நேற்றுவரை கைக்கெட்டிய நாடு. அங்கே ‘பிசினஸ் மேனேஜர்’ விசா பெற 50 லட்சம் யென் மூலதனம் போதுமானதாக இருந்தது. அந்தத் தொகை இல்லாதவர்கள் இரண்டு முழுநேர ஊழியர்களுக்கு வேலை கொடுத்தும் தகுதி பெற முடிந்தது. 2025 அக்டோபர் 16 முதல் மூலதனம் 3 கோடி யென். நம் பணத்தில் ஏறக்குறைய 1.7 கோடி ரூபாய். ஊழியரை வைத்தால் மூலதனத்துக்கு விலக்கு என்ற சலுகை போயிற்று. இப்போது மூலதனமும் வேண்டும், ஊழியரும் வேண்டும். மூன்றாண்டு நிர்வாக அனுபவம் அல்லது முதுகலைப் பட்டம், ஜப்பானிய மொழித் தேர்ச்சி என்று நிபந்தனைகள் நீள்கின்றன. இத்தனையும் நீதி அமைச்சகத்தின் ஆணை ஒன்றால் நடந்து முடிந்துவிட்டது.

இதே நாட்டில் ஒரு ஜப்பானியர் நிறுவனம் தொடங்க எவ்வளவு மூலதனம் வேண்டும் தெரியுமா? 1 யென். ஒரு ரூபாய்கூட இல்லை. 2006 மே மாதம் அமலுக்கு வந்த நிறுவனச் சட்டம் குறைந்தபட்ச மூலதனம் என்ற விதியையே ஒழித்தது. அதற்கு முன்பு பங்கு நிறுவனத்துக்கு 1 கோடி யென்னும் சிறு நிறுவனத்துக்கு 30 லட்சம் யென்னும் கட்டாயம். பணம் இல்லை என்பதற்காகத் திறமையுள்ளவன் தொழிலுக்கு வராமல் போகக் கூடாது என்று கருதித்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். சரியான முடிவு அது. ஆனால், சொந்த மக்களின் முன்னேற்றத்துக்குத் தடை என்று 20 ஆண்டுகளுக்கு முன்பு தூக்கி எறிந்த அதே விதியை மூன்று மடங்காக்கி, இன்று அயலார் தலையில் வைக்கிறார்கள். ஒருவருக்கு 1 யென், இன்னொருவருக்கு 3 கோடி யென். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகும் இதை நிர்வாகச் சீர்திருத்தம் என்று எப்படி அழைக்க முடியும்?

போலி நிறுவனங்களைக் காட்டி விசா வாங்கினார்கள், ஒசாகாவில் வீடுகளை வாங்கிச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள், அதனால்தான் இந்தக் கெடுபிடி என்கிறார்கள். இது வாதமே இல்லை. போலியைப் பிடிக்க வேண்டியது ஆய்வாளரின் வேலை. பண பலத்தால் ஏமாற்றுபவருக்கு 3 கோடி யென் பெரிய தொகை அல்ல. அவர் கட்டிவிட்டுப் போவார். கட்ட முடியாமல் நிற்பவர் உண்மையாகக் கடை நடத்துபவர். 2024 இறுதியில் இந்த விசாவில் இருந்தவர்கள் சுமார் 41,600 பேர். அவர்களில் 3 கோடி யென் மூலதனம் உள்ளவர்கள் ஏறத்தாழ 4 சதவீதம்தான். மற்றவர்கள் அனைவரும் மோசடிக்காரர்களா? அவர்களுக்கு 2028 அக்டோபர் வரை அவகாசமாம். இட்லியும் குழம்பும் விற்று மூன்று ஆண்டுகளில் யாரால் மூலதனத்தை ஆறு மடங்காக்க முடியும்?

டோக்கியோவின் நிஷி-கசாய் போன்ற பகுதிகளுக்குச் சமையற்காரராகப் போன நம்மவர்களை எண்ணிப் பாருங்கள். சமையற்காரர் விசாவுக்கே பத்தாண்டு அனுபவம் காட்ட வேண்டும். பிறகு இன்னொருவர் அடுப்படியில் வருடக்கணக்கில் உழைத்துச் சேமித்து, ஒரு சிறிய உணவகத்தை வாங்கி உட்காருவதுதான் அவர்கள் கண்ட ஒரே மேல்படி. அந்தப் படியை உடைத்தாயிற்று. ஊரிலிருந்து தம்பியை அழைத்துவந்து வேலைக்கு வைத்தாலும் அவர் கணக்கில் வரமாட்டார். ஊழியர் ஜப்பானியராகவோ நிரந்தர வசிப்புரிமை போன்ற தகுதி உள்ளவராகவோ இருக்க வேண்டும். இயங்கும் நிறுவனத்தை நல்ல விலை கொடுத்து வாங்கினாலும் அந்த விலை செல்லாது. நிறுவனத்தின் மூலதனமே 3 கோடி யென்னாக இருக்க வேண்டும்.

வாங்குவதற்கு அங்கே தொழில்கள் இல்லாமலா போயின? 2025-க்குள் 70 வயதை எட்டும் சிறு, நடுத்தர நிறுவன உரிமையாளர்கள் 24.5 லட்சம் பேர், அவர்களில் 12.7 லட்சம் பேருக்கு வாரிசு யார் என்று முடிவாகவில்லை என்று ஜப்பான் அரசே முன்பு மதிப்பிட்டது. அவை மூடப்பட்டால் 65 லட்சம் வேலைகளும் 22 லட்சம் கோடி யென் உற்பத்தியும் போகும் என்றும் எச்சரித்தது. கடையை ஒப்படைக்க ஆளில்லாமல் தவிக்கும் நாடு, வாங்க வருபவனைத் துரத்துகிறது. 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் ‘ஜப்பானியருக்கே முதலிடம்’ என்று முழங்கிய சான்செய்தோ கட்சி 14 இடங்களை வென்றது. மூன்றே மாதத்தில் இந்த விதி வந்தது. பயந்த அரசின் விதி இது.

அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் மோடியும் அன்றைய ஜப்பான் பிரதமர் இஷிபாவும் ஐந்தாண்டுகளில் 50,000 இந்தியத் திறன் பணியாளர்களை ஜப்பானுக்கு அனுப்பத் திட்டம் வகுத்தார்கள். ஆக, வேலை செய்ய வரலாம். கடை வைக்கத்தான் வரக் கூடாது. கூலிக்கு வரவேற்பும் உரிமைக்குத் தடையும் உள்ள இடத்தில் ஒரு தலைமுறைக்கு மேல் யாரும் வேரூன்ற முடியாது. ஆள் அனுப்பும் பேச்சில் இந்திய அரசு அடுத்த முறை உட்காரும்போது இந்த 3 கோடி யென்னை முதல் பொருளாக வைக்க வேண்டும். அதற்குப் பதில் கிடைக்கும்வரை அந்த 50,000 பேர் கணக்கில் கையெழுத்திடக் கூடாது.