பிழைப்புக்காகக் கடை போட்டவள் புதுமை செய்யமாட்டாளா?

பெண்கள் நடத்தும் சிறுதொழில்களைப் பற்றி மேடைதோறும் ஒரு கருத்து ஒலிக்கிறது. கஷ்டத்துக்காகக் கடை போட்டவர்களிடம் புதுமையை எதிர்பார்க்க முடியாது. பக்கத்துக் கடையில் என்ன விற்கிறதோ அதையேதான் இவர்களும் விற்பார்கள். கடன் கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தால் மாறுவார்கள் என்பது அது. அக்கறை உள்ளவர்களும் இதை நம்புகிறார்கள். திட்டங்கள் இதன்மேல்தான் தீட்டப்படுகின்றன. அதனால் இதை வரிக்கு வரி மறுத்தாக வேண்டும்.

தேவைக்காகத் தொழில் தொடங்கியவர், வாய்ப்பைப் பார்த்துத் தொடங்கியவர் என்று மனிதர்களை இரண்டாகப் பிரிக்கும் பழக்கத்தை 2001 முதல் பரப்பியது ‘ஜெம்’ என்ற உலகளாவிய தொழில்முனைவு ஆய்வு. அதே ஆய்வுக் குழு 2019இல் அந்தப் பிரிவினையைக் கைவிட்டது. ஒருவருக்கு ஒரே சமயத்தில் பல நோக்கங்கள் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டு கேள்விகளை மாற்றி எழுதியது. உருவாக்கியவர்களே விட்டுவிட்டதை நம் மேடைகள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

திருவண்ணாமலை கிரிவலப் பாதைக்கு வாருங்கள். 14 கிலோமீட்டர். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் பெரும்பாலும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். பாதையின் தொடக்கத்தில் வரும் இந்திரலிங்கச் சந்நிதியைத் தாண்டும்போது அவர்களுக்கு வேண்டியது வேறு, நடு இரவில் பாதி வழியில் வேண்டியது வேறு. நடக்கிறவர் வயிறு கனக்கச் சாப்பிட மாட்டார். சூடாக, லேசாக, கையில் பிடித்துக்கொண்டே குடிக்கும்படி ஏதாவது கேட்பார். சுக்குக் காபியும் தூதுவளை சூப்பும் முருங்கைக்கீரை சூப்பும் இந்தப் பாதையில் இடம்பிடித்தது இப்படித்தான். ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வரும் கூட்டம் பெருகியதும் தெலுங்குப் பலகைகள் வந்தன, வியாபாரத்துக்குப் போதுமான தெலுங்கும் வந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, எதில் ஊற்றிக் கொடுப்பது, எதில் மடித்துக் கொடுப்பது என்பதையும் கடைக்காரர்களே தேட வேண்டியிருந்தது.

இதற்குள் ஒரு நுட்பமான கணக்கு இருக்கிறது. கிரிவலம் செல்ல உகந்த நேரத்தை ஒவ்வொரு மாதமும் கோயில் நிர்வாகம் அறிவிக்கிறது. பௌர்ணமித் திதி ஒரு மாதம் காலையில் தொடங்கும், மறுமாதம் இரவில் தொடங்கும். இட்லிக் கடை வைத்திருப்பவர் மாவு புளிக்கும் நேரத்தை அந்த அறிவிப்பிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கோடையில் சீக்கிரம் புளிக்கும், மார்கழியில் தாமதமாகும். எத்தனை படி அரிசி ஊறப்போடுவது என்பது வார நாளா, விடுமுறையா என்பதைப் பொறுத்தது. ஆண்டுக்குப் பன்னிரண்டு, சில ஆண்டுகளில் பதின்மூன்று பௌர்ணமி. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மாற்றம் செய்து பார்க்கலாம்; விடிவதற்குள் விடை தெரிந்துவிடும். ஒரு பாத்திரம் மீந்தால் நஷ்டம் ஒரு பாத்திரத்தோடு போகும். பெண்கள் துணிந்து முதல் போடமாட்டார்கள் என்று குறை சொல்பவர்கள் இந்த அளவான துணிச்சலைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. வாங்குபவரின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பவருக்கு, அடுத்த மாதம் எதை மாற்ற வேண்டும் என்பதை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது கடன். கையில் முதல் கிடைத்தால் தொழில் வளருமா என்று ஆராய்ந்து பார்த்த அனுபவம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு, 2005 முதல், இலங்கையின் தெற்கு, தென்மேற்குப் பகுதிகளில் சிறுதொழில் செய்பவர்களுக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் மதிப்புக்கு முதல் கொடுத்துப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள். ஆண்களின் லாபம் உயர்ந்தது. பெண்களின் லாபம் உயரவில்லை. பெண்களுக்குத் தொழில் திறமை குறைவு என்று சொல்ல இது பலருக்கு வசதியாகப் போயிற்று. 2019இல் வேறொரு குழு இலங்கை, இந்தியா, கானா ஆகிய நாடுகளின் தரவுகளை மீண்டும் புரட்டியது. பணம் போன வழி அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் கணவருக்கும் தொழில் இருந்தால், மனைவி பெயரில் வந்த முதல் அங்கே போய்ச் சேர்ந்தது. அவள் தொழில் ஒன்றே வீட்டின் தொழிலாக இருந்த இடங்களில் அவளது லாப உயர்வு ஆண்களின் லாப உயர்வுக்குக் குறையவில்லை.

நம் ஊர் மகளிர் குழுக்களோடு பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. 1989இல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் உருவாயின. அந்தச் சேமிப்புப் பழக்கம் பெண்களுக்குத் தந்த பலத்தை நான் மதிக்கிறேன். ஆனால் லோன் யார் பெயரில் வந்தது என்பதும், அந்தப் பணத்தை எதில் போடுவது என்று யார் முடிவெடுத்தார் என்பதும் வேறுவேறு கேள்விகள். தவணை அவள் தலையிலும் முடிவு இன்னொருவர் கையிலும் இருக்கும் வரை புதிய சரக்கு எதுவும் கடைக்கு வராது.

பயிற்சி வீண் என்று சொல்ல மாட்டேன். அகமதாபாத்தில் சேவா என்ற மகளிர் கூட்டுறவு வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து ஆராய்ந்தார்கள். சிலரைத் தனியாக அழைத்தார்கள், சிலரைத் தோழி ஒருவரோடு வரச் சொன்னார்கள். பாடம் ஒன்றுதான். தோழியோடு வந்தவர்களே பிறகு தொழிலில் கூடுதலாக இறங்கினார்கள், அவர்கள் குடும்ப வருமானமும் கூடியது. ஆகவே பாடத்தைவிட, கூட இருக்கும் ஆளே பெரிது. கிரிவலப் பாதையில் பக்கத்துக் கடை அக்கா அந்தத் தோழி.

அதனால் ‘பக்கத்துக் கடையைப் பார்த்துப் போடுகிறார்கள்’ என்ற ஏளனமும் நிற்காது. ஒருத்தி கண்டுபிடித்த விற்பனை முறை அடுத்த பௌர்ணமிக்குள் நாலு கடைக்குப் பரவினால், முதலில் செய்தவள் அதைத் தாண்டி இன்னொன்று யோசித்தாக வேண்டும். பெரிய கம்பெனிகள் இதைப் போட்டி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன.

2013-14இல் எடுக்கப்பட்ட ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் மிக அதிகமாக இருந்த மாநிலம் தமிழ்நாடு. நாடு முழுவதும் அத்தகைய நிறுவனங்களில் ஐந்தில் நான்குக்கும் மேல் கூலிக்கு ஆள் இல்லாமல் நடந்தன. சமைப்பவரும் விற்பவரும் கணக்குப் பார்ப்பவரும் ஒருவரே என்றால், அவருக்கு முதலில் வேண்டியது நேரமும் இடமும். ராத்திரி முழுதும் கடையில் நிற்பவருக்குப் பக்கத்தில் சுத்தமான கழிப்பறை வேண்டும். சரக்கைப் பூட்டிவைக்க ஓர் அறை வேண்டும். இந்த மாதம் நின்ற இடத்தில் அடுத்த மாதமும் நிற்கலாம் என்ற உறுதி வேண்டும். இடம் மாறிக்கொண்டே இருந்தால், தேடி வரும் வாடிக்கையாளரும் தொலைவார், அவரிடம் கற்றுக்கொண்டதும் தொலையும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. திருவண்ணாமலையில் கடை எங்கே வைப்பது என்று முடிவாகும் மேசையில், பௌர்ணமி இரவில் அடுப்பு மூட்டும் பெண்களே அந்த நாற்காலிகளில் உட்கார வேண்டும்.