பாட்டியையும் எண்ணிய தேசம்

ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஆள் வந்து வாசலில் நின்றால் வீட்டில் என்ன நடக்கும்? "மொத்தம் எத்தனை பேர்?" என்று அவர் கேட்பார். "ஐந்து பேர்" என்று நீங்கள் சொல்வீர்கள். உடனே உள்ளேயிருந்து, "என்னையும் சேர்த்துத்தானேடி சொன்னாய்?" என்று பாட்டியின் குரல் வரும். எல்லோரும் சிரிப்போம். ஆனால் பாட்டி கேட்டதில் நியாயம் இருக்கிறது. கணக்கில் விட்டுப்போவதை யார்தான் விரும்புவார்கள்?

இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் தேசத்தில் பாட்டி அப்படிக் கவலைப்பட்டிருக்கவே வேண்டாம். 1703-ம் வருஷத்திலேயே அங்கே பாட்டி, பேரன், பண்ணையாள், பிச்சைக்காரி என்று ஒருவர் பாக்கியில்லாமல் பெயர் எழுதிவிட்டார்கள். அந்தத் தேசம் ஐஸ்லாந்து.

பிள்ளையின் பள்ளிக்கூட அட்லஸைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக்கு வடமேற்கே, கிரீன்லாந்தை நோக்கிப் போகும் வழியில், அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே தனியாக ஒரு தீவு தெரிகிறதா? அதுதான். ஆர்க்டிக் வட்டம் இதன் தலைக்கு மேலாகப் போகிறது. கிரிம்ஸே என்ற குட்டித் தீவு ஒன்றை மட்டும் தொட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. விஸ்தீரணம் ஒரு லட்சத்து மூவாயிரம் சதுர கிலோமீட்டர். அப்படியொன்றும் சின்ன இடமில்லை. ஆனால் அத்தனை இடத்திலும் வசிக்கிறவர்கள் நான்கு லட்சம் பேர்கூட இல்லை. அவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் தலைநகரான ரெய்க்யாவிக்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மற்ற இடமெல்லாம் என்னவாயிற்று என்கிறீர்களா? பத்தில் ஒரு பங்கு நிரந்தரப் பனிப்பாளம். நடுப்பகுதி முழுவதும் மேட்டுநிலப் பாலைவனம். எரிமலைக் குழம்பு இறுகிக் கறுத்துக் கிடக்கும் கல்வெளி. அங்கே குடியிருப்பவர் யாருமில்லை. ஜனங்கள் எல்லோரும் தாம்பாளத்தின் விளிம்பில் ஒட்டிய பலகாரம் மாதிரி கடற்கரையோரமாகவே இருக்கிறார்கள்.

பெயரைக் கேட்டால் உடம்பு நடுங்குகிறது, இல்லையா? உண்மையில் அவ்வளவு மோசமில்லை. தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தின் தயவால், ரெய்க்யாவிக்கில் ஜனவரி மாதச் சராசரி உஷ்ணமே பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கிறது. கோடைதான் ஏமாற்றிவிடும். ஜூலையில்கூடப் பன்னிரண்டு டிகிரியை எட்டினால் பெரிய காரியம். ஜூனில் இரவே கிடையாது. டிசம்பரில் நாலைந்து மணி நேரம்தான் பகல். இன்னொரு விஷயம் சொன்னால் நீங்கள் நிச்சயம் பொறாமைப்படுவீர்கள். 2025 அக்டோபர் வரை அந்தத் தேசத்தில் கொசுவே இருந்ததில்லை! அந்த மாதம்தான் முதன்முதலாக மூன்று கொசுக்களைக் கண்டுபிடித்தார்கள். மூன்றே மூன்று. அதுவே உலகப் பத்திரிகைகளில் செய்தியாகிவிட்டது.

எதையும் எண்ணிச் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு அன்றிலிருந்தே உண்டுபோலிருக்கிறது. 1703-க்கு வருவோம். அப்போது ஐஸ்லாந்து டென்மார்க் ராஜாவின் ஆட்சியில் இருந்தது. ஜனங்கள் பட்ட கஷ்டம் ராஜாவின் காதுக்கு எட்டியது. நிலைமையை நேரில் விசாரிக்க ஆர்னி மக்னூசன், பால் விதாலின் என்று இருவரை நியமித்தார்கள். அந்த விசாரணையோடு நடந்ததுதான் இந்தக் கணக்கு. வீடு வீடாகப் பெயர், வயது, குடும்பத்தில் என்ன ஸ்தானம் என்று எழுதினார்கள். வீடில்லாமல் பண்ணைக்குப் பண்ணை அலைந்தவர்களையும், ஊரார் பொறுப்பில் சோறு போட்டு வைத்திருந்த ஆதரவற்றவர்களையும் விடவில்லை. மொத்தம் 50,358 பேர். ஆண்கள் 22,867, பெண்கள் 27,491. ஒரு முழு தேசத்தின் ஜனங்களையும் பெயர், வயதோடு எழுதிவைத்த கணக்குகளில் இதற்கு முந்தியது இன்று உலகத்தில் எங்கும் இல்லை. 2013-ல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

அந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஏறக்குறைய ஐந்து பெண்களில் ஒருத்தியின் பெயர் குத்ரூன்! நாலு ஆண்களில் ஒருவர் யோன். ஒரு பண்ணையில் நின்று "குத்ரூன்!" என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்களோ!

ஆனால் எழுதிய மை காய்ந்து நாலு வருஷம் ஆவதற்குள், 1707-ல், கப்பலேறிப் பெரியம்மை வந்தது. அந்த ஐம்பதாயிரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விட்டது. மெள்ள மெள்ள மறுபடி பெருகி வந்தார்கள். 1783 ஜூன் 8-ந் தேதி லாக்கி என்ற இடத்தில் பூமி வரிசையாகப் பிளந்தது. எட்டு மாதம் நெருப்பு கக்கியது. குழம்பில் அகப்பட்டுச் செத்தவர்கள் இல்லை. கொன்றது புகை. விஷவாயு படிந்த புல்லைத் தின்று ஆடுகள் நூற்றுக்கு எண்பது மடிந்தன. மாடுகளிலும் குதிரைகளிலும் பாதி போயிற்று. பாலும் மாமிசமும்தான் ஆகாரம் என்றிருந்த ஜனங்கள் அதற்குப் பிறகு எதைச் சாப்பிடுவார்கள்? ஐந்தில் ஒருவர் பசியிலும் நோயிலும் இறந்தார். 1786-ல் எண்ணிக்கை நாற்பதாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. யோன் ஸ்டெய்ன்கிரிம்சன் என்ற பாதிரியார் நெருப்பு ஆறு ஊரை நெருங்கியபோதும் மாதா கோவிலை விட்டு நகராமல் பிரார்த்தனை நடத்தினார். குழம்பும் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டதாம். ஆனால் அடுத்த வருஷம் தம் மனைவியை அவரால் காப்பாற்ற முடியவில்லை.

இந்த அடிகளுக்குப் பிறகும் மிஞ்சியவர்களில், 1870-லிருந்து 1914-க்குள் சுமார் பதினைந்தாயிரம் பேர் பிழைப்புத் தேடிக் கானடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறினார்கள். 1703-ல் ஐம்பதாயிரமாக இருந்த தொகை ஒரு லட்சமாவதற்கு இருநூறு வருஷத்துக்குமேல் பிடித்தது. 1920-களில்தான் அதை எட்டிப் பிடித்தார்கள்.

சரி, அழுதது போதும். அப்படி எண்ணிக்கை ஏறத் தொடங்கிய காலத்தில் வாழ்க்கை எப்படிச் சுகப்பட்டது என்று பார்ப்போம். இது நம்முடைய விஷயம், அதாவது துணி துவைக்கும் விஷயம்.

எந்தப் பூமி நெருப்பு கக்கியதோ, அதே பூமிதான் வெந்நீரும் கொடுக்கிறது. ரெய்க்யாவிக்குக்குக் கிழக்கே மூன்று கிலோமீட்டரில் ஒரு வெந்நீர் ஊற்று. நகரத்துப் பெண்கள் மூட்டையும் வாளியும் சுமந்து, பனியிலும் காற்றிலும் நடந்துபோய் அங்கேதான் துவைத்தார்கள். ஈரத் துணியின் பாரம் திரும்பி வரும்போது இரட்டிப்பாகியிருக்கும். வழியும் சரியில்லை. 1885-ல்தான் அவர்களுக்காக ஒரு பாதை போட ஆரம்பித்தார்கள். கொதிக்கும் நீரில் தவறி விழுந்து சில பெண்கள் உயிரையும் விட்டார்கள். அதன் பிறகே இரும்புக் கம்பித் தடுப்பு வந்தது. 1930-ல் அந்த ஊற்று நீரையே குழாய் போட்டு ஊருக்குள் கொண்டுவந்தார்கள். முதலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் சில கட்டிடங்களுக்கும் சுமார் அறுபது வீடுகளுக்கும் கிடைத்தது. இன்றைக்குத் தேசத்தில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குப் பூமியின் உஷ்ணம்தான் கணப்பு. குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. லேசாக அவித்த முட்டை வாசனை அடிக்குமாம். பரவாயில்லை, விறகு மிச்சம்! அந்தப் பெண்கள் மூட்டை சுமந்த வழிக்குத் துவைக்கும் துறைக்குப் போகும் பாதை என்று அர்த்தம் வரும்படி லௌகாவேகூர் என்று பெயர். இன்று அது ரெய்க்யாவிக்கின் பிரதான கடைத்தெரு. ஊற்றின் பக்கத்தில் துணி துவைக்கும் பெண் ஒருத்திக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ குதிரைமேல் உட்கார்ந்த ராஜாக்களின் சிலைகளைவிட இது மேலாகப் படுகிறது.

அவர்கள் பெயர் வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம்மைப்போலத் தகப்பனார் பெயர்தான். யோனுடைய மகன் யோன்சன், மகள் யோன்ஸ்தோத்திர். தோத்திர் என்றால் மகள். கலியாணமானாலும் பெண் அதை மாற்றுவதில்லை. யாருக்கு மகளோ அவருக்குத்தானே கடைசிவரை மகள் என்கிறார்கள். நம்மில் கலியாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்ற ஆபீஸ் ஆபீஸாக நடந்தவர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம். டெலிபோன் புத்தகம் அச்சிட்ட காலத்தில் அதிலும் சொந்தப் பெயர்ப்படிதான் வரிசை. ஜனாதிபதியைக்கூடச் சொந்தப் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள்.

கூட்டம் சிறிது என்பதால் எங்கே தொட்டாலும் உறவு வந்துவிடும். அவர்களுடைய வம்சாவளி முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றி 2003-ல் பொதுவில் வைத்தார்கள். இரண்டு பேர் பெயரைக் கொடுத்தால் எத்தனையாவது தலைமுறையில் சொந்தம் என்று சொல்லிவிடும். நாம் அத்தை பிள்ளை, மாமன் மகள் என்று தேடிக் கலியாணம் செய்தோம். அவர்கள் சொந்தமாக இருந்துவிடக் கூடாதே என்று தேடுகிறார்கள்! கம்ப்யூட்டருக்கு அவர்கள் வைத்த பெயரும் அழகு. எண் என்ற சொல்லையும் குறி சொல்லும் பெண் என்ற பழைய சொல்லையும் சேர்த்து "தோல்வா" என்கிறார்கள்.

இவ்வளவு சின்னக் கூட்டத்தில் பாதிப் பேர் ஒரு நாள் வேலையை நிறுத்தினால்? 1975 அக்டோபர் 24-ந் தேதி அதுதான் நடந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள், ஆபீஸிலும் சரி, வீட்டிலும் சரி, ஒரு துரும்பையும் எடுத்துப் போடவில்லை. டெலிபோன் ஓடவில்லை. பள்ளிக்கூடங்கள் மூடின. தகப்பன்மார் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். சமைக்கச் சுலபம் என்று எல்லோரும் வாங்கியதில் கடைகளில் சாஸேஜ் தீர்ந்துபோயிற்று. ஐந்தே வருஷத்தில், 1980-ல், விக்டிஸ் ஃபின்போகதோத்திர் என்ற பெண்மணியை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனங்கள் ஓட்டுப்போட்டு ஒரு பெண்ணை ஜனாதிபதியாக்கியது உலகிலேயே அதுதான் முதல் தடவை. தனியாக ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தவர் அவர். பதினாறு வருஷம் பதவியில் இருந்தார்.

இப்போது ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறையாமல் வெளிதேசத்தில் பிறந்து வந்தவர்கள். போலந்துக்காரர்களே அதிகம். கூட்டம் பெருகுவதில் சந்தோஷந்தான். ஆனால் குழந்தைகள் செல்போனோடு இங்கிலீஷில் பேசுகிறார்களே, எண்ணூறு வருஷத்துப் பழங்கதைகளைச் சிரமமில்லாமல் படித்துவந்த பாஷை என்னாகும் என்று பெரியவர்களுக்கு விசாரம் பிடித்திருக்கிறது.

பூமியும் சும்மா இருக்கவில்லை. 1973 ஜனவரி 23-ந் தேதி நடுநிசிக்குப் பிறகு ஹெய்மாயே என்ற தீவில் ஊரை ஒட்டியே நிலம் வெடித்தது. முந்தின நாள் புயலால் மீன்படகுகள் எல்லாம் துறைமுகத்திலேயே நின்றிருந்தன. அதனால் ஐயாயிரத்துச் சொச்சம் பேரையும் விடிவதற்குள் கரை சேர்த்தார்கள். கடல் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் குழம்பைக் குளிரவைத்துத் துறைமுகத்தைக் காப்பாற்றினார்கள். வெளியேறியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்துவிட்டார்கள்.

அடுத்த முறை அப்படியில்லை. 2023 நவம்பர் 10-ந் தேதி இரவு, கிரின்டாவிக் என்ற மீன்பிடி ஊரில் நிலம் இடைவிடாமல் அதிர்ந்தது. சுமார் 3,800 பேரும் அன்றிரவே காரில் ஏறினார்கள். அந்தத் தேசத்தில் 3,800 என்றால் நூறு பேரில் ஒருவர். 2024 ஜனவரி 14-ந் தேதி குழம்பு ஊருக்குள்ளேயே வந்து வீடுகளைக் கொளுத்தியது. விற்க விரும்பியவர்களின் வீடுகளைச் சர்க்காரே வாங்கிக்கொள்ளச் சட்டம் செய்தது. பெரும்பாலோர் விற்றுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். படகுகளும் மீன் வேலையும் பிறகு தொடங்கின. பகலில் ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். சாயங்காலம் ஆனதும் பெரும்பாலோர் காரில் ஏறி, இப்போது தங்கள் பெயர் எந்த ஊர்க் கணக்கில் இருக்கிறதோ அந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள்.