குழந்தைக்கு இ.ஆர்.சி.பி.: "3 லட்சம் கவர் போதுமா?"ன்னு மட்டும் கேட்காதீங்க

லீவுக்கு தீர்த்தமலை போனப்ப, பெங்களூர்ல வேலை பார்க்குற நம்ம ஊர் தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணா, பொண்ணுக்கு ஏழு வயசு. பித்தக்குழாய்ல கல்லாம், இ.ஆர்.சி.பி. பண்ணணுமாம். ஆபீஸ் இன்ஷூரன்ஸ் 3 லட்சம் இருக்கு, போதும்ல?"

இ.ஆர்.சி.பி.ன்னா, வாய் வழியா எண்டோஸ்கோப்பை சிறுகுடல் வரைக்கும் இறக்கி, எக்ஸ்ரேல பார்த்துக்கிட்டே பித்தக்குழாய் கல்லை எடுக்குறது. வயித்தைக் கிழிக்க வேண்டாம். ஆனா குழந்தைக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்கணும். பின்னாடி சிலருக்கு கணைய அழற்சி வரலாம். அப்போ ரெண்டு நாள் அட்மிஷன் ஒரு வாரமாகும், பில்லும் ஏறும்.

பெரியவங்களுக்கு இது சகஜம், குழந்தைங்களுக்கு அபூர்வம். அதனால கை பழகின டாக்டர்கள் ஹைதராபாத் ஏ.ஐ.ஜி. மாதிரி பெரிய மையங்கள்லதான் அதிகம். தீர்த்தமலைக்காரங்க முதல்ல வேலூர் சி.எம்.சி.ல விசாரிக்கலாம். எங்க போனாலும், "குழந்தைங்களுக்கு வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க?"ன்னு கூச்சப்படாம கேளுங்க.

என் கருத்து இதுதான்: கேஷ்லெஸ் லிஸ்ட்டைப் பார்த்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்காதீங்க. டாக்டரை முதல்ல முடிவு பண்ணுங்க, அப்புறம் பாலிசியைப் பாருங்க.

அங்க கேஷ்லெஸ் இல்லைன்னா, முழுப் பணத்தையும் நீங்க கட்டிட்டு பிறகுதான் கிளெய்ம் பண்ணணும். அதுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் வேணும். பஸ், லாட்ஜ், சம்பளமில்லா லீவு எதையும் பாலிசி தராது.

ரூம் வாடகை லிமிட்டைத் தாண்டினா, மத்த பில்லுலயும் அதே விகிதத்துல வெட்டு விழலாம்.

வெறும் பரிசோதனைக்காக அட்மிட் ஆனா கிளெய்ம் நிக்காது. நோயைக் கண்டுபிடிக்க பெரும்பாலும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் போதும், இ.ஆர்.சி.பி. சிகிச்சைக்குத்தான். அது டிஸ்சார்ஜ் சம்மரில தெளிவா இருக்கணும்.

முக்கியமா, சிகிச்சை முடியுற வரைக்கும் பேப்பர் போடாதீங்க. வேலை போனா ஆபீஸ் கவரும் போயிடும். இப்போ சொந்த பாலிசி எடுத்தா, ஏற்கனவே இருக்குற நோய்க்கு 36 மாசம் வரைக்கும் காத்திருக்கணும்.

அந்தத் தம்பிக்கு 3 லட்சம் போதலாம். ஆனா அவர் சொந்த பாலிசி எடுக்க வேண்டிய நாள் குழந்தை நல்லா இருந்தப்பவே கடந்துபோச்சு. உங்களுக்கு இன்னும் கடக்கல. 2025 செப்டம்பர் 22லிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. புது வரி முறையில 80டி கிடைக்காதுன்னு தள்ளிப் போடாதீங்க. பாலிசி எடுக்குறது வரிக்காக இல்லை, குழந்தைக்காக.