கதம்பை ஊறிய தண்ணீர் எங்கே போயிற்று?

சென்ற விடுமுறைக்குப் பொள்ளாச்சியிலிருந்து என் மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். வந்தவர்களைப் பூவாருக்கு அழைத்துச் சென்று படகில் ஏற்றுவது நெய்யாற்றின்கரைப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் எல்லோருக்கும் வாய்த்த கடமைதானே! நெய்யாறு கடலோடு சேரும் பொழிமுகம் வரை போய் வந்தோம். "என்ன தண்ணிங்க மாப்பிள்ளை! எங்க ஊர்க் கிணத்துத் தண்ணி டீத்தண்ணி மாதிரி ஆயிப் போச்சு. இங்க பாருங்க, ஒரு குப்பை இல்ல" என்று மனிதர் வியந்து தள்ளினார். திரும்பும் வழியில் ஒரு கடையில் கயிற்று மிதியடி இரண்டு வாங்கினார். பிளாஸ்டிக் கிடையாது, இயற்கைப் பொருள், யாருக்கும் கெடுதல் இல்லை என்று விளக்கமும் அவரே சொன்னார். விருந்தாளியிடம் வாதம் செய்யக் கூடாது என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த மிதியடிக்கும் அவர் கிணற்றுக்கும் உறவு உண்டு. பூவார்த் தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு.

நம் பக்கம் தேங்காய் மட்டை என்கிறோம். பாறசாலை எல்லைத் தமிழர்கள் அதைக் கதம்பை என்பார்கள், மலையாளத்தில் தொண்டு. பச்சை மட்டையைக் காயலில் அமுக்கி வைத்து, ஆறு மாதம் முதல் பத்துப் பதினொரு மாதம் வரை ஊற விட்டு, பிறகு எடுத்து மரத்தடியால் அடித்து நார் பிரிப்பதுதான் இந்தக் கடற்கரையின் பழைய தொழில். வடக்கே கடினங்குளம், அஞ்சுதெங்கு வரையிலும், தெற்கே பூவாரில் புறப்படும் ஏ.வி.எம். கால்வாய் வழியே குமரி மாவட்டத்துக்குள்ளும் இதுதான் நடந்தது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் என்று முழுப் பெயர் கொண்ட அந்தக் கால்வாயை 1860-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கியது. கன்னியாகுமரி வரை போக வேண்டியது மண்டைக்காட்டோடு நின்றுவிட்டது. 1956-இல் மாநில எல்லை அதன் குறுக்கே விழுந்தது. தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது.

இந்தக் கயிற்றினால்தான் உலகம் நம் கடற்கரை மணலையும் அறிந்தது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மோனசைட் தாதுவைக் கண்டார். மணவாளக்குறிச்சி மணல் ஆலையின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

மட்டை ஊறுவது வெறும் ஊறல் அல்ல. நாரைப் பிணைத்திருக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும் ஒரு ரசாயன வேலை அது. அப்போது மட்டையிலுள்ள பாலிபீனால் என்னும் துவர்ப்புச் சாயம் தண்ணீரில் இறங்கும். ஆக்சிஜன் குறையும். அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். வெள்ளிக் கொலுசு கறுத்துப் போகும். இப்படி மட்டை ஊறிய காயல்களில் மீனும் சிப்பியும் அற்றுப் போனதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அந்தத் துவர்ப்புத் தேங்கி நின்றால் நார் பிரிக்கும் நுண்ணுயிர்களுக்கே அது ஆகாது. எனவே ஏற்ற இறக்கம் உள்ள காயலில்தான் நல்ல வெள்ளை நார் கிடைக்கும். கடல் தினமும் வந்து கழுவிவிட்டுப் போகும். ஒரு தொழிற்சாலைக்கு வேண்டிய கழிவுநீர் நிலையத்தைக் கடல் இலவசமாக நடத்திக் கொடுத்தது என்று சொல்லலாம். இலவசம் என்பதால் யாரும் அதைக் கணக்கில் எழுதவில்லை.

அந்தத் தண்ணீரில் இடுப்பளவு நின்றவர்கள் பெண்கள். முன்பு நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு அருகே, இளமையில் கதம்பை தல்லிய ஒரு முதியவர் இருந்தார். அந்த நாற்றத்தை எப்படித் தாங்கினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நாத்தம் வாற எடத்துல பைசாவும் வந்துது சாரே. இப்ப நாத்தமும் இல்ல, பைசாவும் இல்ல" என்றார். இத்தொழிலைப் பற்றி எழுதப்படும் பல அறிக்கைகள் இந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடுகின்றன.

இப்பெண்களின் வேலையைக் காப்பதற்காகத்தான் 1970-களில் கேரளம் மட்டை அடிக்கும் எந்திரங்களுக்குத் தடை போட்டது. நல்லெண்ணம்தான். ஆனால் தமிழ்நாட்டில் அப்படித் தடை இல்லை. அங்கே எந்திரங்கள் பெருகின. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் காய்ந்த மட்டையைச் சிறிது நனைத்து எந்திரத்தில் கொடுத்துப் பழுப்பு நார் எடுக்கிறார்கள். இன்று கேரளத்துக் கயிற்றுத் தறிகளுக்கு வேண்டிய நாரில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. பூவாரில் கதம்பை ஊறிய இடங்களில் உல்லாசப் படகு ஓடுகிறது. தண்ணீர் தெளிந்தது உண்மை. தொழில் திருந்தியதனால் அல்ல, இடம் மாறியதனால் தெளிந்தது.

போன இடத்தில் என்ன ஆயிற்று? ஒரு டன் நார் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு டன் தூள் விழும். முன்பு குப்பையாகக் குவிந்து கிடந்த அந்த நார்க்கழிவு இன்று ஏற்றுமதிச் சரக்கு. சதுப்பு நிலங்களைத் தோண்டி எடுக்கும் பீட்டுக்குப் பதிலாக வெளிநாட்டுப் பசுமைக் குடில்கள் இதை வாங்குகின்றன. அங்குள்ள சதுப்பு நிலம் பிழைக்கிறது, மெச்ச வேண்டிய செய்தி. ஆனால் செடிக்கு உப்பு ஆகாது என்பதால், தூளை நல்ல தண்ணீரில் அலசி உப்பை இறக்கி அனுப்ப வேண்டும். அலசிய தண்ணீர் உப்போடும் சாயத்தோடும் மண்ணில் இறங்குகிறது. அங்கே தினமும் வந்து கழுவிவிடக் கடல் இல்லை. மைத்துனர் சொன்ன டீத்தண்ணி அதுதான். 2021-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதுவரை மாசில்லாத் தொழில்களுக்கான வெள்ளைப் பிரிவில் இருந்த தென்னை நார்த் தொழிலை ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியபோது எதிர்ப்பு பலமாக எழுந்தது. இயற்கைப் பொருளை மாசு என்பதா என்று கேட்டார்கள். சாராய ஆலைக் கழிவும் கரும்பிலிருந்துதானே வருகிறது?

வழி தெரியாமல் நாம் இங்கே நிற்கவில்லை. நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் போகும் பேருந்து தாண்டிச் செல்லும் பாப்பனங்கோட்டில், முன்பு மண்டல ஆராய்ச்சி நிலையம் என்றும் இப்போது என்.ஐ.ஐ.எஸ்.டி. என்றும் பெயர் கொண்ட மத்திய அரசு ஆய்வகம் இருக்கிறது. மட்டையை மூடிய தொட்டியில் வைத்து, அதன் வழியே தண்ணீரைச் சுற்றவிட்டு, இறங்கும் துவர்ப்பை இன்னொரு தொட்டியில் காற்றில்லா நுண்ணுயிர்களைக் கொண்டு எரிவாயுவாக்கி, அதே தண்ணீரைத் திரும்ப மட்டைக்கே அனுப்பும் முறையை அங்கே உருவாக்கினார்கள். கடல் செய்த வேலையைத் தொட்டி செய்கிறது. மாதக்கணக்கு வாரக்கணக்காகக் குறைகிறது. கலவூரில் உள்ள கயிறு வாரிய ஆய்வு நிலையமும், 'காயிர்ரெட்' என்ற நுண்ணுயிர்க் கலவையால் ஊறும் காலத்தைச் சுமார் மூன்று மாதமாகக் குறைத்துக் காட்டியது. இவ்வளவு இருந்தும் மூடிய தொட்டி ஏன் ஊரெங்கும் வரவில்லை? காயல் இலவசம், தொட்டிக்குப் பணம் வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

செலவு கட்டாது என்பவர்களுக்குத் திருப்பூரைக் காட்டுவேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, கழிவுநீரை முழுவதும் திருப்பிப் பயன்படுத்துவது நடக்காத காரியம் என்றார்கள். பல்லாயிரம் பேர் வேலையின்றித் தவித்தார்கள். அதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனால் மாநில அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. பட்டறைகள் கூட்டாகச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்தன. இன்று அதே தண்ணீரும் உப்பும் மறுபடி சாயத்தொட்டிக்குப் போகின்றன. ஒரு சிறு நார் ஆலை தனியாகத் தொட்டி கட்ட முடியாதுதான். பத்து ஆலைகள் சேர்ந்தால் முடியும். கேரளத்தில் கயிறு கூட்டுறவுச் சங்கங்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. காயலில் நின்ற அதே பெண்களை அந்தத் தொட்டிக்குப் பொறுப்பாக வைக்க முடியும் என்று நான் நம்புகிறேன். நீதிமன்றம் பூட்டும் வரை காத்திருப்பதால் வந்த துன்பத்தைத் திருப்பூர் பட்டுவிட்டது, பொள்ளாச்சியும் பட வேண்டியதில்லை.

மிதியடியின் விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டுமே! இத்தனை நாள் அந்த வித்தியாசத்தைக் கட்டியவர் யார் என்று என் மைத்துனரின் கிணற்றைக் கேட்டால் தெரியும்.

நம் சங்க மண்டபத்துக்கு ஆண்டு விழாவை ஒட்டிப் புதிய கயிற்று விரிப்பு வாங்கத் தீர்மானம் ஆகியிருக்கிறது. கடைக்காரரிடம் நார் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று விசாரித்தேன். பொள்ளாச்சி என்றார். அலசிய தண்ணீரை என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். இதுவரை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லையே என்று சிரித்துவிட்டு, விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பதில் வந்ததும் செயற்குழுவில் வைக்கிறேன்.